பார்சல் டப்பாவுக்குள் என்ன பூசியிருக்கிறார்கள்?

அட்டை டப்பா என்று நம்பி வாங்கும் பார்சல் டப்பாவை வெந்நீரில் ஊறப் போட்டுப் பாருங்கள். அட்டை கூழாகிக் கையோடு வந்துவிடும். உள்பக்கமிருந்த மெல்லிய படலம் மட்டும் அப்படியே நிற்கும், இழுத்தால் நீளும். பெரும்பாலும் அது பாலித்தீன். சாம்பார் ஒழுகாமல் வீடு வந்து சேர்வது அதன் தயவில்தான்.

பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் தட்டுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. டீக்கடையில் கப் மாறவில்லை. அதில் சூடான நீரை 15 நிமிடம் வைத்திருந்தால் 100 மில்லியில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐஐடி ஆய்வு சொன்ன பிறகும் மாறவில்லை.

இப்போது "சோளத்துல செஞ்சது சார், மக்கிடும்" என்று புது டப்பா விற்கிறார்கள். உள்ளே இருப்பது பிஎல்ஏ. மாவுச்சத்தையோ கரும்புச் சர்க்கரையையோ நொதிக்க வைத்து, அதில் கிடைக்கும் லாக்டிக் அமிலத்தைக் கோத்துச் செய்யும் பிளாஸ்டிக். பெட்ரோலியம் இல்லை என்பது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மக்க 58 டிகிரி வாக்கில் சூடும், ஈரமும், காற்றும் வாரக்கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். தொழில்முறை உரக்கூடத்தில் அது நடக்கும். எல்லாக் குப்பையும் ஒன்றாகக் கொட்டப்படும் கிடங்கிலோ, வாய்க்காலிலோ, கடலிலோ எளிதில் நடக்காது. 2019இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் பிஎல்ஏவையும் பிளாஸ்டிக் கணக்கிலேயே சேர்த்தது. வேதியியல் முறையில் மாற்றப்படாத இயற்கைப் பாலிமர்களுக்கு, அதாவது உயிரினங்களிலேயே உருவாகும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்கு, மட்டும்தான் விலக்கு. அது சரியான கோடு என்பது என் கருத்து. இங்கேயும் அதே இடத்தில் கோடு கிழிக்க வேண்டும்.

அந்தக் கோட்டுக்கு நல்ல பக்கத்தில் நிற்பது கடற்பாசி. லண்டனில் நாட்ப்ளா என்ற நிறுவனம் கடற்பாசிச் சத்தைப் பூசி உணவு டப்பா செய்கிறது, 2022இல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசும் வாங்கியது. பாசிக்கு நாம் எங்கும் போக வேண்டாம். மன்னார் வளைகுடாவில், பாம்பன் பக்கம், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கும் பெண்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட். படலமாக வார்க்கக்கூடிய சரக்கு இரண்டுமே. காய்ந்த பாசியை எடைக்குப் போட்டுவிட்டு வரும் அந்தப் பெண்களுக்கு, பூச்சு தயாரிக்கும் கூடம் ராமநாதபுரத்திலேயே வந்தால் எவ்வளவு பெரிய மாற்றம்!

பாசிப் பூச்சு பாலித்தீன் அளவுக்குத் தண்ணீரைத் தாங்காது. தாங்கவும் வேண்டாம். கடையிலிருந்து வீட்டுக்கு வரும் நேரம் எவ்வளவு? அதற்கு நூறாண்டு அழியாத படலம் எதற்கு? ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம்: வளர்ப்புக்காகக் கொண்டுவந்த அந்நியப் பாசியான கப்பாஃபைகஸ், அதே மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப் பாறைகள் மேல் படர்ந்து மூடியதை 2008இலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் கடலின் பாசியை வைத்து, அளவோடு செய்ய வேண்டிய வேலை இது.

ஓட்டல் வைத்திருக்கும் நண்பர்களே, அடுத்த முறை சரக்கு எடுக்கும்போது உள்ளே என்ன பூச்சு என்று கேளுங்கள். மக்கும் என்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், 2016 விதிப்படி அது இல்லாமல் விற்கக்கூடாது. பாத்திரம் கொண்டு வருகிறவர்களிடம் பார்சல் காசு வாங்காதீர்கள்.