லேக் வியூ வேண்டாம், தண்ணீர் வருமா என்று கேளுங்கள்

கொடைக்கானலில் ஏரி தெரிகிற மாதிரி ஒரு வீடு பார்த்துச் சொல்லுங்கள் என்று இந்த வாரம் மட்டும் மூன்று பேர் உள்பெட்டியில் கேட்டுவிட்டார்கள். மே மாத விடுமுறை, ஆறேழு பேர் உள்ள குடும்பம், ஹோட்டலில் மூன்று அறை எடுப்பதற்கு ஒரு வீடாகவே எடுத்தால் சமைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளும் ஓடியாடும் என்று கணக்குப் போடுகிறார்கள். நல்ல கணக்குதான், நானும் அப்படித்தான் போகிறேன். ஆனால் "ஏரி தெரிகிற மாதிரி" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று மூன்று பேருக்கும் சொன்னேன். ஏன் என்பதை ஆளுக்கொரு முறை தட்டச்சு செய்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் முதல்முறை வீடு எடுத்தது 2022 மே மாதம். படத்தில் பால்கனி, இரண்டு மூங்கில் நாற்காலி, எதிரே ஏரி. ஒரு இரவுக்கு 9,000 ரூபாய். மதுரையிலிருந்து அம்மா, தங்கை, அவள் பிள்ளைகள் என்று ஏழு பேர் போய் இறங்கினோம். ரோட்டிலிருந்து வீட்டுக்கு அறுபத்து நான்கு படி, கைப்பிடி கிடையாது. அம்மாவுக்கு இரண்டு மூட்டும் வலி. நானும் தங்கையும் ஆளுக்கொரு கை பிடித்து இறக்கினோம். அதன்பிறகு மூன்று நாளும் அம்மா மேலே ஏறவே இல்லை. அந்த மூன்று நாளும் அவர் பார்த்த கொடைக்கானல் அந்த பால்கனி மட்டும்தான். ஏரி தெரிந்தது, பொய் சொல்லவில்லை, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கீற்று தெரிந்தது. மதியம் மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை. இரண்டாம் நாள் காலை குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, லாரி வர மதியம் ஆகும் என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். ஏழு பேர், அதில் நான்கு பிள்ளைகள், யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அம்மா "நான் வராமலே இருந்திருக்கலாம்" என்று சொன்னது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்த ஏரி யாருக்கும் மூடி வைத்த ஏரி இல்லை. சுற்றிலும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் சாலை, அனேகமாகச் சமதளம். காலை ஆறரைக்குப் போய் நின்றால் தண்ணீர்மேல் ஆவி மாதிரி பனி எழும்பிக்கொண்டிருக்கும், குதிரைக்காரர்கள் அப்போதுதான் குதிரைகளைக் கூட்டி வருவார்கள், சைக்கிள் கடை திறந்திருக்காது. இந்த அழகுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. பால்கனியிலிருந்து நாம் அதைப் பார்க்கப்போவது ஒரு நாளைக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்காக இரவுக்கு நாலாயிரம், ஐயாயிரம் கூடக் கொடுக்கிறோம். அந்தக் காசில் இன்னொரு நாள் தங்கலாம். நாயுடுபுரம், ஆனந்தகிரி, செண்பகனூர், அட்டுவம்பட்டி பக்கமெல்லாம் நல்ல வீடுகள் இருக்கின்றன, ஏரிக்கு வண்டியில் கொஞ்ச நேரம்தான்.

எனக்கு இதில் இன்னொரு வருத்தமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அது தானாக உண்டான ஏரி இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து அணை கட்டி உண்டாக்கியது. சுற்றியிருக்கிற மேடெல்லாம் சரிந்து அந்தப் பள்ளத்துக்குத்தான் இறங்குகின்றன. அப்படியானால் மேலே, ஏரி தெரிய வேண்டும் என்றே சரிவை வெட்டிக் கட்டுகிற ஒவ்வொரு வீட்டின் கழிவும் எங்கே போகும்? ஒழுங்கான செப்டிக் டேங்க் இல்லாவிட்டால் கீழேதான். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மலைப்பாதையில் நாம் எல்லோரும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற வெள்ளி அருவி. அனுமதி இல்லாமல் கட்டிய கட்டடங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி சில வருடங்களுக்கு முன்னால் சீல் வைத்தார்கள், செய்தியில் பார்த்திருப்பீர்கள். அப்படியும் புதிதாக முளைக்கின்றன என்றால், "லேக் வியூ இருக்கா" என்று நாம் கேட்டுக்கொண்டே இருப்பதும் ஒரு காரணம். அதனால் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறீர்களா, கட்டட அனுமதி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் தைரியமாகக் கேளுங்கள். முறையாக நடத்துகிறவர் கோபப்பட மாட்டார், காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார். மழுப்பினால் வேறு வீடு பாருங்கள்.

சரி, வேறு என்ன கேட்க வேண்டும்? முன்பணம் போடுவதற்கு முன்னால் வீடியோ கால் போடச் சொல்லுங்கள். ரோட்டில் வண்டி நிற்கிற இடத்திலிருந்து வாசல் வரை அவர் நடந்தபடியே காட்டட்டும், எத்தனை படி, எவ்வளவு சரிவு என்று அப்போதே தெரிந்துவிடும். அடுத்தவர் வீட்டுப் படத்தைப் போட்டுக் காசு பறிக்கிறவர்களிடமிருந்தும் இதுவே காப்பாற்றும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள், கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கிற வீடுகள் அங்கே நிறைய. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா, ஹீட்டருக்குத் தனிக் காசா, இதெல்லாம் போய் இறங்கியபிறகு சண்டை போடுகிற விஷயம் இல்லை, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

சமைக்கப்போகிறீர்கள் என்றால் அடுப்படியில் குக்கர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வைத்தால் ஒரு மணி நேரம் கழித்தும் நறுக்கென்று நிற்கும். மாவும் அந்தக் குளிரில் சீக்கிரம் புளிக்காது, ஊரிலேயே புளிக்க வைத்து எடுத்துப் போங்கள். பூண்டு மட்டும் கொண்டுபோக வேண்டாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு, அங்கேயே வாங்கி ஒரு பூண்டுக் குழம்பு வைத்துப் பாருங்கள்.

போகிற வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது வண்டி மலைக்குள் வர இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டு, இருக்கிறது; சொந்த வண்டியோ வாடகை வண்டியோ எதில் போனாலும் எடுத்தாக வேண்டும், அரசுப் பேருந்துக்குத் தேவையில்லை. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் நாளுக்கு 4,000, வார இறுதியில் நாளுக்கு 6,000 வண்டிகள்தான் என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. வீட்டுக்கு முழுப் பணம் கட்டியபிறகு பாஸ் கிடைக்காமல் நிற்காதீர்கள், இரண்டையும் சேர்த்தே பாருங்கள். முடிந்தால் செவ்வாய், புதனில் போய் இறங்குங்கள். மே மாதச் சனிக்கிழமை பெருமாள்மலையிலிருந்து ஊருக்குள் நுழைவதற்குள் பிள்ளைகள் வாந்தி எடுத்து, அழுது, தூங்கியே போவார்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். இருட்டியபிறகு பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பாதீர்கள், காட்டுமாடு ஊருக்குள் சாதாரணமாக நடமாடும்.

மே மாதம்தான் என்று கட்டாயம் இல்லாதவர்கள் ஜனவரி, பிப்ரவரியைப் பாருங்கள். நாங்கள் இரண்டாம் முறை போனது ஜனவரியில். நாயுடுபுரம் பக்கம், கார் வாசல் வரை வரும் பழைய ஓட்டு வீடு, இரவுக்கு 4,500 ரூபாய், பால்கனியே கிடையாது. நான்கு இரவு தங்கினோம். முதல் நாள் காலை அம்மாவுக்கு ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் போட்டு ஏரிக்குக் கூட்டிப்போனோம். ஓரத்துப் புல்லெல்லாம் உறைபனியில் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடந்தது. அம்மா குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். கம்பை ஊன்றிக்கொண்டு நின்று நின்று ஒரு கிலோமீட்டர் தூரம் நடந்திருப்பார். ஒரு பெட்டிக்கடையில் இஞ்சி டீ குடித்தோம், வெயில் ஏறும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மறுநாள் ஐந்தரைக்கே எழுந்து, "போகலாமா" என்று எங்களை எழுப்பியது அம்மாதான்.