சாம்பலுக்குள் கங்கு
பால்கனியில் பார்பெக்யூ வேண்டாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியது சரிதான். ஆனால் சுட்டு முடித்த கரியை என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில், தீபாவளிக்கு மறுநாள் காலை, மேல்மாடிக்காரர் முந்தின இரவு கோழி சுட்ட சாம்பலைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். மேலே வெள்ளைச் சாம்பல், உள்ளே கங்கு. அரை மணி நேரத்தில் தொட்டியின் ஒரு பக்கம் உருகி வழிந்தது. நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்? கரி முழுதாக ஆற 24 மணி நேரம்கூட ஆகலாம். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மூடி போட்ட தகர வாளியில் வையுங்கள். அப்புறம், மழை வந்ததும் அடுப்பை வீட்டுக்குள் தூக்கி வருகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய பயம். கரி விடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது. 999-ஐ அழைத்துப் பொம்பாவை (தீயணைப்புப் படையை) கூப்பிடக்கூட யாருக்கும் சுயநினைவு இருக்காது.