நாலு மணி நேரம்ங்க சார்

ஞாயிற்றுக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அங்கே படிப்பைப் பற்றிப் பேச வந்தவரின் வீடியோ குமாரபாளையம் முழுக்கச் சுற்றி, கோயமுத்தூரில் இருக்கும் பெரியம்மா மகள் வரைக்கும் போய், "அக்கா, பாத்தீங்களா, என்னமாப் பேசறாரு!" என்று எனக்கே திரும்பி வந்துவிட்டது. இனிமேலும் எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது.

அவர் பேசியதில் பாதி எனக்கும் பிடித்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்போனை ஒதுக்கி வையுங்கள் என்றார், சரி. வீட்டில் டிவி சத்தத்தைக் குறையுங்கள் என்று எங்களைப் பார்த்துச் சொன்னார், அதுவும் சரி. அப்புறம்தான் பதினாறு மணி நேரக் கதை. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் படிக்கிறவன்தான் ஜெயிப்பானாம். மீதி எட்டு மணி நேரத்தில் குளித்து, சாப்பிட்டு, வேனில் போய் வந்து, மிச்சம் இருந்தால் தூங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாவது வரிசையில் இருந்த பெண்ணை எழுப்பி, "நீ எத்தனை மணி நேரம் படிக்கிறே?" என்று கேட்டார். "நாலு மணி நேரம்ங்க சார்" என்றது அந்தப் பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "நாலு மணி நேரமா? எங்க ஊர்ல எருமையே அதுக்கு மேல மேயும்மா!" மண்டபமே சிரித்தது. கைதட்டல் வேறு.

அந்த நாலு மணி நேரத்தில் நீ என்ன செய்கிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்பது படிப்புக் கணக்கே அல்ல. புத்தகத்தை மூடிய பிறகு எவ்வளவு எழுத வருகிறது என்பதுதான் கணக்கு. இது நான் சொந்தமாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்று இரண்டு பேர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்து பார்த்தார்கள். ஒரு பிரிவினர் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நாலு தவணை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தவணை படித்துவிட்டு, மூன்று தவணை பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், படித்துக்கொண்டே இருந்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61. பொதுத்தேர்வு ஐந்து நிமிடம் கழித்தா வருகிறது?

சரி, அமெரிக்கா வேண்டாம். என் தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதில் கணக்கில் போய்விட்டது, பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் சேர்ந்தான். அங்கே யாரும் அவனை நிற்கவைத்து, தறியைப் பதினாறு மணி நேரம் உற்றுப் பார் என்று சொல்லவில்லை. பாவு நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவது என்று இரண்டு தடவை காட்டினார்கள். மூன்றாவது தடவை அறுந்தபோது, "நீ போடு சாமி" என்று தள்ளி நின்றுகொண்டார்கள். தப்பாகப் போட்டான், திட்டு வாங்கினான், மறுபடி போட்டான். இன்றைக்கு இருட்டில் போடுவான். வேடிக்கை பார்த்தே தறி கற்றவன் நம் ஊரில் ஒருத்தன் உண்டா? படிப்பு மட்டும் எப்படி வேடிக்கை பார்த்தால் வரும்?

"நாமக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் இப்படித்தானே நடத்தினாங்க, அதில் படித்தவர்கள் டாக்டர் ஆகவில்லையா?" என்று கேட்பீர்கள். ஆனார்கள். நானும் அந்த மாதிரி ஒரு விடுதியில்தான் இரண்டு வருசம் இருந்தேன். கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மஞ்சள் காடு. அப்பா ஈரோட்டு மண்டியில் மஞ்சளைப் போட்டு, காசு கைக்கு வந்த அன்றைக்கே கொண்டுபோய்ப் பீஸ் கட்டினார். விடிகாலை நாலரைக்கு விசில் ஊதுவார்கள். வராந்தாவில் வரிசையாக உட்கார வேண்டும். நான் அங்கே நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரே விசயம், கண்ணைத் திறந்தபடி தூங்குவது. வார்டன் செருப்புச் சத்தம் கேட்டால் ஒரு பக்கத்தைத் திருப்ப வேண்டும். அவர் எங்களைத் தாண்டிப் போனதும் அடுத்த தூக்கம். இதற்கும் பதினாலு மணி நேரம் படித்ததாகத்தான் கணக்கு.

பிளஸ் ஒன் பாடத்தை நாங்கள் திறக்கவே இல்லை. இரண்டு வருசமும் பிளஸ் டூ பாடம்தான். 1200-க்கு 1087 வாங்கினேன். அப்பா ஊருக்கே மிட்டாய் கொடுத்தார். அப்புறம் இன்ஜினியரிங் முதல் வருசம் கணக்கு வகுப்பில், "இது உங்களுக்குப் பிளஸ் ஒன்லயே வந்திருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே வாத்தியார் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். நான் போர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்று அரியர். அப்பாவிடம் ஒரு அரியர் என்றுதான் சொன்னேன்.

இந்தக் கூத்தை நிறுத்தத்தானே 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள்? மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-ல் நிறுத்தியதும் நம் கோபிக்காரர் செங்கோட்டையன் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான். அரசாங்கம் ரேங்க்கை எடுத்தது. இங்கே பேருந்து நிலைய பிளக்ஸிலிருந்து ரேங்க் எங்கே போனது? 2025-ல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டார்கள். இனி அந்தப் புத்தகம் எத்தனை பள்ளிக்கூடத்தில் திறக்கப்படும் என்று பார்க்கத்தானே போகிறோம்.

"வசதி இல்லாத பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுப்பாடுதான் வழி" என்று ஒரு அண்ணன் இன்பாக்ஸில் எழுதியிருந்தார். இருக்கலாம், அண்ணா. அதற்காக எருமை என்று சொல்ல வேண்டுமா?

இன்னொருவர், "பிள்ளை மார்க் குறைவா இருக்கும், அதான் அம்மாவுக்கு எரியுது" என்று எழுதியிருக்கிறார். ஆமாம், அந்தப் பெண் என் மகள்தான். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். அவளுடைய காலாண்டு மார்க் 500-க்கு 431. குறைவா நிறைவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் மட்டும் 71. ஏன் என்றும் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 மார்க். கையில் காம்பஸும் ஸ்கேலும் பிடித்துப் போட்டுப் பார்த்தால் அந்தப் பதினாறும் கிட்டத்தட்ட கைக்குள் இருக்கிற மார்க். இவள் தொடுகோடு வரைவதைக் கைடில் பார்த்தே புரிந்துகொண்டதாக நினைத்துவிட்டாள். தேர்வில் வட்டம் போட்டாள், வெளியே புள்ளி வைத்தாள், அதற்கு மேல் கை ஓடவில்லை. பார்த்தால் புரிகிறது, போட்டால் வருவதில்லை. இத்தனை நேரமாக நான் கத்துவதும் இதைத்தான்.

அதற்கப்புறம் அவளே ஒரு வழி பிடித்தாள். பழைய தினசரி காலண்டர் தாளைக் கிழித்து வைத்திருக்கிறாள். ஒரு பாடம் படிப்பாள், புத்தகத்தை மூடி அரிசி டப்பாமேல் வைப்பாள், தாளின் பின்பக்கத்தில் ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுதுவாள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் நிரப்புவாள். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே பாடம், புதுத் தாள். முதல் தாளில் பாதி சிவப்பாக இருக்கும். மூன்றாவது தாளில் அங்கங்கே ஒன்றிரண்டு. நாலு மணி நேரத்துக்கு மேல் அப்படிப் படிக்க முடியாது, மூளை சோர்ந்துவிடும். நானும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். இதயத்தில் இரத்தம் போகிற வழியை எழுதச் சொன்னாள். முதல் அறையான வலது ஏட்ரியத்தோடு நின்றுவிட்டேன். 1087 வாங்கியவள்.

"ஒரு நகைச்சுவைக்குப் போய் இவ்வளவு பெரிய பதிவா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். என் கோபம் அவர்மேல் மட்டும் என்றால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மகள் நிற்கிறாள், பக்கத்து நாற்காலியில் பச்சைச் சேலை. எருமை என்றதும் மண்டபம் சிரிக்கிறதல்லவா, அந்தப் பச்சைச் சேலையும் சிரிக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள், வாய் தானாகப் போய்விட்டது. கையும் தட்டியிருக்கிறேன், இரண்டு தட்டு.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவள் ஒன்றும் பேசவில்லை. காவிரிப் பாலம் தாண்டியதும், "நீங்களும் சிரிச்சீங்கல்ல?" என்றாள். தப்புத்தான் அம்முணி என்றேன். "சரி விடுங்க" என்றாள். அந்தச் சரி எப்படிப்பட்ட சரி என்று பெண் பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

மூன்று நாளாகக் காலண்டர் தாளைக் காணோம். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ராத்திரி பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கணக்கைக் கூட்டுகிறாளாம். நான் தண்ணீர் குடிக்க எழுந்து அந்தப் பக்கம் போனால், ஒரு பக்கத்தைத் திருப்புகிறாள்.