காலால மிதிச்சுப் பாக்காம ரோட்டரி பெடல் வாங்காதேங்கோ

போன கிழமை மட்டும் மூண்டு பெடியள் இன்பொக்ஸில ஒரே கேள்வியோட வந்திட்டினம். "அண்ணை, ரோட்டரி ஸ்பீக்கர் பெடல் ஒண்டு எடுக்கப் போறன், எது நல்லம்?" எண்டு. கதைச்சுப் பாத்தா மூண்டு பேருமே யூடியூப்பில ஏதோ ஒண்டைப் பாத்து மனசுக்குள்ள முடிவெடுத்திட்டுத்தான் கேக்கினம், எல்லாரும் ஹெட்போனில கேட்டிருக்கினம், இடக் காதில இருந்து வலக் காதுக்கு ஓடித் திரும்பி வாற அந்தச் சத்தத்தில மயங்கிப் போச்சினம். எனக்கு அவையளில குறை சொல்ல மனம் வரேல்ல, நானும் அப்பிடித்தான் என்ர முதல் பெடலை வாங்கினனான். அதால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதாம இதிலயே எழுதிவிடுறன், கொஞ்சம் நீளும்.

ரோட்டரி பெடல் எண்டது சுத்துற ஸ்பீக்கர் பெட்டியின்ர சத்தத்தைக் கிற்றாருக்குத் தாற, காலால மிதிக்கிற சின்னப் பெட்டி. முதல் இது என்ன சத்தம் எண்டு பிடிபட வேணும். காலமையில எங்கட திருகோணமலை உவர்மலை ரோட்டால பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரேக்க வாசலில நிண்டு கவனிச்சுப் பாருங்கோ. கிட்ட வரேக்க பாட்டின்ர சுருதி ஒரு துளி ஏறி நிக்கும், படலையைத் தாண்டின உடன அப்பிடியே சறுக்கி இறங்கும். பள்ளிக்கூடத்தில டொப்ளர் விளைவு எண்டு படிச்சது இதுதான். இப்ப அந்த ஓட்டோ உங்களைச் சுத்திச் சுத்தி ஓடுது எண்டு நினையுங்கோ, செக்கனுக்கு ஆறேழு தரம். சுருதி ஏறும் இறங்கும், சத்தம் கூடும் குறையும், சுவரில பட்டுத் திரும்புறதும் அதோட சேரும்.

இதை ஒரு மரப் பெட்டிக்குள்ள செய்து காட்டினவர் டொனால்ட் லெஸ்லி எண்ட அமெரிக்கர், 1940 அளவில, ஹமண்ட் எண்டவர் செய்த மின்சார ஓர்கனுக்காக. ஹமண்ட் இந்தப் பெட்டியை வேண்டாம் எண்டவர், பிறகு பாத்தா லெஸ்லிப் பெட்டி இல்லாத ஹமண்ட் ஓர்கனை ஆரும் நினைச்சுப் பாக்கிறதே இல்லை எண்ட நிலை வந்திட்டுது. பெட்டிக்குள்ள மேல ஊதுகுழல் வாய் மாதிரி ஒரு ஹோர்ன் சுத்தும், பாத்தா ரெண்டு வாய் இருக்கிற மாதிரித் தெரியும், ஆனா சத்தம் வாறது ஒண்டாலதான், மற்றது பாரத்தைச் சமன் பண்ண வைச்சது. கீழ வூஃபர், அதாவது கீழ் சுரங்களுக்கான ஸ்பீக்கர், அசையாம நிலத்தைப் பாத்துக்கொண்டிருக்கும், அதுக்குக் கீழ உருளை மாதிரி ஒரு ட்ரம் சுத்திச் சத்தத்தை நாலு பக்கமும் எறியும். 800 ஹெர்ட்ஸுக்கு மேல உள்ளது ஹோர்னுக்கு, கீழ உள்ளது ட்ரம்முக்கு. பேர் போன 122 எண்ட மொடல் 41 இஞ்சி உயரம், 60 கிலோவுக்கு மேல பாரம். அதைத் தூக்கிக்கொண்டு நிலாவெளிக்கு ஷோவுக்குப் போக ஏலாது, அதாலதான் எங்களுக்குப் பெடல்.

லெஸ்லியில வேகம் ரெண்டு. மெதுவா சுத்துறது நிமிசத்துக்கு 40, 50 சுத்து, வேகமா சுத்துறது 400க்குக் கிட்ட. ஆனா இந்தச் சாமானின்ர உயிர் ரெண்டு வேகத்திலயும் இல்லை, ஒண்டில இருந்து மற்றதுக்குப் போற அந்த இடைவெளியிலதான் இருக்கு. ஹோர்ன் பாரம் குறைவு, சுவிச்சைத் தட்டினா ஒரு செக்கனுக்குள்ள வேகம் பிடிச்சிடும். ட்ரம் பாரம், அது நாலஞ்சு செக்கன் எடுத்து ஆறுதலாத்தான் வரும். அப்ப என்ன நடக்கும் எண்டா மேல் சுரங்கள் படபடவெண்டு நடுங்கத் தொடங்கிட்டுது, கீழ் சுரங்கள் இன்னும் தொட்டில் ஆடுற மாதிரி ஆடிக்கொண்டு நிக்கும், பிறகு மெல்ல மெல்ல வந்து சேரும். ஓர்கன்காரர் பாட்டின்ர உச்சத்தில அந்தச் சுவிச்சைத் தட்டேக்க நெஞ்சுக்குள்ள ஏதோ கிளம்புதே, அது இந்தச் செக்கன்களிலதான் வருது. ஒரு பெடல் இதை ஒழுங்காச் செய்யேல்ல எண்டா அது எனக்கு சத்தத்தைக் கொஞ்சம் தடிப்பாக்கிற வெறும் கோரஸ் பெடல்தான், எவ்வளவு விலை எண்டாலும்.

என்ர கதைக்கு வாறன். முதல் பெடல் ஸ்டீரியோ. வீட்டில ஹெட்போனில கேக்க சொர்க்கம். சீசன் நேரம் உப்புவெளியில ஒரு ஹோட்டல் கடற்கரையில எங்கட இசைக்குழுவுக்கு ஒரு இரவு நிகழ்ச்சி, நான் ஆசையா ரெண்டு வயர் இழுத்து மிக்சரில ரெண்டு சனலில குத்தினன். எங்கட ஊர் நிகழ்ச்சியளில ரெண்டு பக்கப் பெட்டியிலயும் ஒரே சத்தம்தான் போகும், மோனோ, அது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனா யோசிக்கேல்ல. பாட்டு நடுவில பெடலை மிதிச்சன். கிற்றார் காணாமப் போன மாதிரி. சத்தம் இருக்கு, ஆனா உள்ளுக்குள்ள ஒண்டும் இல்லை, தகரப் பேணிக்குள்ளால வாற மாதிரி. சவுண்ட் அண்ணை என்னைப் பாக்கிறார், நான் அவரைப் பாக்கிறன். காரணம் பிறகுதான் விளங்கிச்சுது, இடப் பக்கம் சத்தம் ஏறேக்க வலப் பக்கம் இறங்கும், ரெண்டையும் ஒண்டாக் கலந்தா ஏத்தமும் இறக்கமும் ஒண்டையொண்டு தின்னும். நிப்பாட்டி ஒரு வயரைக் கழட்டி மோனோ எண்டு போட்டிருந்த ஓட்டையில மட்டும் விட்டன், கொஞ்சம் உயிர் வந்திச்சுது. ஆனா அந்தப் பெடல் ஸ்டீரியோவுக்கெண்டே செய்தது, ஒத்தை வயரில வெறும் ட்ரெமலோ மாதிரி, சத்தம் கூடிக் குறையிறது மட்டும்தான் கேட்டுது, சுருதி அசையிற மாதிரியே இல்லை.

அதால நான் சொல்றது ஒண்டே ஒண்டுதான், நீங்க வாசிக்கிற மாதிரியே போட்டுப் பாத்து வாங்குங்கோ, ஒத்தை வயரில, ஒரு அம்ப்ளிஃபையரில (அம்ப்), காலால மிதிச்சு. ஒரு கோர்டை அடிச்சுப் பிடிச்சுக்கொண்டு மெதுவில இருந்து வேகத்துக்கு மாத்துங்கோ. மேலயும் கீழயும் ஒண்டா ஏறுதா, வேற வேறயா ஏறுதா? திரும்ப மெதுவுக்கு வரேக்க டக்கெண்டு நிண்டிடுதா, ஆடி ஆடி அடங்குதா? ரெண்டு நிமிசம் காணும், பத்து வீடியோ சொல்லாததை அது சொல்லும்.

இன்னொண்டு, வேகத்தை மாத்திற சுவிச் காலுக்கு வருதா எண்டு பாருங்கோ. சின்னப் பெடல் சிலதில அது கையால தட்டுற குட்டிச் சுவிச். பாட்டு நடுவில குனிஞ்சு தட்ட ஏலுமே? இடம் மிச்சம் பிடிக்கிறன் எண்டு சின்னதை வாங்கி உயிரை விட்டிடாதேங்கோ.

ரோட்டரி எண்டு விக்கிறது எல்லாம் ஒண்டில்லை எண்டதையும் சொல்ல வேணும். 1967இல ஃபெண்டர் கொம்பனி கிற்றாருக்கெண்டு வைப்ரடோன் எண்டு ஒரு பெட்டி விட்டது, அதில ஹோர்ன் இல்லை, ஒரு 10 இஞ்சி ஸ்பீக்கரும் அதுக்கு முன்னால சுத்துற ஒரு ட்ரம்மும்தான். அமெரிக்க ப்ளூஸ் கிற்றார்காரர் ஸ்டீவி ரே வானின்ர கிற்றாரில கேக்கிற அந்த உருண்டு வாற சத்தம் அதுதான். யூனிவைப் எண்டது வேற சாதி, அது ஜப்பானில செய்தது, ஸ்பீக்கர் ஒண்டும் சுத்தாது, சத்த அலையின்ர கட்டத்தை மாத்திற ஃபேஸ் வேலை, உள்ளுக்குள்ள ஒரு பல்பு மின்னி மின்னி வெளிச்சத்தால சத்தத்தைச் சுழட்டும், 1969 வூட்ஸ்டொக் இசைவிழாவில கிற்றார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வைச்சிருந்தவர். எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனா லெஸ்லி வேணும் எண்டு போய் யூனிவைப்பை வாங்கிக்கொண்டு வராதேங்கோ, கடையில ரெண்டையும் ஒரே தட்டிலதான் வைச்சிருப்பாங்கள்.

மொடல் கேக்கிறவைக்கு என்ர மனசில உள்ளது. ஜெர்மன்காரற்ற வென்டிலேட்டர் எண்ட பெடல்தான் நான் கேட்டதில லெஸ்லி 122க்குக் கிட்ட நிக்கிறது, ஹோர்னையும் ட்ரம்மையும் எவ்வளவு கலக்கிறது, மைக் எவ்வளவு தூரம் எண்டெல்லாம் திருகலாம், ஆனா விலை பெடலுக்குக் குடுக்கிற விலை இல்லை. ஸ்ட்ரைமன் லெக்ஸ் கொஞ்சம் மெருகு கூட, ரெக்கோடிங் செய்யிறவைக்கு நல்லம். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் லெஸ்டர் ஜி கிற்றாருக்கெண்டே செய்தது, சத்தத்தின்ர ஏத்த இறக்கத்தைச் சமன் பண்ணிற கொம்ப்ரசரும் உள்ள இருக்கு, மேடையில வாசிக்கிற எங்களுக்கு நான் சொல்றது அதைத்தான், இப்ப என்ர போர்டில இருக்கிறதும் அதுதான். பொஸ் ஆர்டி 20 பழசாக் கிடைச்சா விடாதேங்கோ, சுவிச் ரெண்டும் காலுக்கு வசதி. 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் பாய்ஞ்சதுக்குப் பிறகு புதுசு எண்டது எங்களில கனபேருக்கு எட்டாத தூரம், பழசு வாங்கிறதில ஒரு வெக்கமும் இல்லை.

பழசு வாங்கேக்க வயர் குத்துற ஓட்டைக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. எங்கட கடல் காத்து ஒண்டையும் விடாது, பச்சை பிடிச்சிருந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்கோ. எனக்கு மாமா கனடாவில இருந்து ஒண்டு கொண்டு வந்தவர், ஆசையில அதோட வந்த அடப்டரை அப்பிடியே பிளக்கில குத்தினன், அது அங்கத்தைய 120 வோல்ட், எங்கட கரண்ட் 230. ஒரு சின்ன "டப்", பிறகு பிளாஸ்டிக் எரிஞ்ச மணம். பெடல் தப்பினது அம்மன் புண்ணியம். வெளியில இருந்து வாற அடப்டரில எழுதியிருக்கிறதை முதல் வாசியுங்கோ, 100 இல இருந்து 240 எண்டு இருக்க வேணும். டிஜிட்டல் ரோட்டரியள் சிலது 200 மில்லி அம்பியருக்கு மேலயும் கேக்கும், சின்னப் பவர் சப்ளையில குத்திப்போட்டு இரையுது எண்டு பெடலைத் திட்டாதேங்கோ.

சத்தத்தைக் கரகரக்க வைக்கிற ஓவர்டிரைவ் பெடல் வைச்சிருக்கிறவை அதை ரோட்டரிக்கு முன்னால போடுங்கோ. லெஸ்லிப் பெட்டியிலயும் அப்பிடித்தான், முதல் வால்வ் அம்ப் கரகரக்கும், அந்தக் கரகரப்பைத்தான் ஹோர்ன் சுழட்டும். மாறிப் போட்டா சுழற்சி மங்கிச் சேறாப் போயிடும். எதிரொலி தாற ரிவேர்ப் கடைசியில.

இன்பொக்ஸில கேட்ட மூண்டு பேருக்கும் மற்றவைக்கும், வாற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நான் வீட்டிலதான். கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வாங்கோ, அம்ப் இருக்கு, லெஸ்டரும் இருக்கு, பழைய ஸ்டீரியோப் பெடலும் இன்னும் கிடக்கு. ரெண்டையும் ஒத்தை வயரில போட்டு மிதிச்சுப் பாத்திட்டுக் காசைப் பற்றி யோசிப்பம். வாறவை கொமெண்டில ஒரு சொல் போட்டு விடுங்கோ, அம்மாட்ட பிளேன்டி எத்தினை எண்டு சொல்ல வேணும்.