கச்சான் அல்வாவுக்கு ஏன் வேறு பெயர்?

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு கடையில் கச்சான் அல்வா கேட்டேன். கச்சான் என்றால் நிலக்கடலை, அதை வறுத்துச் சீனிப்பாகில் போட்டு இறுக்கிச் செய்கிற இனிப்புத்தான் கச்சான் அல்வா. கடைக்காரத் தம்பி எடுத்துத் தந்த பக்கற்றில் "பீநட் சிக்கி" என்று பளபளவென்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது கச்சான் அல்வாவேதான், இந்தப் பக்கத்தில் செய்ததுதான். ஏன் தம்பி இந்தப் பெயர் என்று கேட்டேன். "அக்கா, கச்சான் அல்வா எண்டு போட்டா சனம் கோயில் வாசல் சாமான் எண்டு நினைக்கும். அதோட அல்வா எண்டா மெத்தெண்டெல்லோ இருக்க வேணும்" என்றார்.

அந்தக் கடைசி வசனம்தான் எனக்குச் சுருக்கென்றது. அல்வா மெத்தென்று இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? திருநெல்வேலி அல்வா அப்படி இருக்கிறது, சரி. ஆனால் அல்வா அரபுச் சொல். ஹல்வா என்றால் இனிப்பு, அவ்வளவுதான். மெதுமை, நெய், கோதுமைப் பால் எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. அரபு நாடுகளிலும் துருக்கியிலும் எள்ளை அரைத்துச் செய்கிற ஹல்வா கையில் எடுத்தால் உதிரும். தூரம் போவானேன், சிங்களவர்கள் வருசப் பிறப்புக்குச் செய்கிற அலுவாவும் இதே சொல்தான். அரிசி மாவில் செய்து சாய்சதுரமாக வெட்டுவார்கள், அதுவும் மாவாக உதிரும். அப்படியிருக்க நாங்கள் பல்லால் கடிக்கிற ஒன்றை அல்வா என்று சொல்வதில் என்ன பிழை?

கச்சான் என்ற சொல்லும் எனக்குப் பெரிய விருப்பம். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் கடற்கரைச் சனம் கச்சான் என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. பயிர் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் சில இடங்களில் மணிலாக்கொட்டை என்கிறார்கள், சிங்களத்தில் ரட்டகஜு, பிறநாட்டுக் கஜு. வந்த வழியைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதற்கு ஒரு காற்றின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறோம். முல்லைத்தீவுப் பக்கம் கச்சான் போட்டவர்களுக்குத் தெரியும், மஞ்சள் பூ மேலே பூக்கும், பிறகு அந்தக் காம்பு கீழே இறங்கி மண்ணுக்குள் போய்த்தான் காய்க்கும். சின்ன வயதில் செடியைப் பிடுங்கி மண் உதறும்போது வரும் அந்தப் பச்சைக் கச்சான் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

எங்கள் பெரியம்மா அல்வா செய்யும்போது பக்கத்தில் யாரையும் கதைக்க விடமாட்டா. தாச்சியில் சீனி உருகித் தேன் நிறத்துக்கு வரும்வரை கண் எடுக்கமாட்டா. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு எடுத்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் கொஞ்சம் நெருப்பு. வறுத்துத் தோல் போகப் புடைத்த கச்சானைக் கொட்டி இரண்டு கிண்டு, உடனே எண்ணெய் பூசிய பலகையில் ஊற்றி, போத்தலால் உருட்டி, சூடு ஆற முதல் கத்தியால் கோடு. பிந்தினால் கோடு விழாது, கண்டபடி உடையும். மீளக்குடியேறி வந்த முதல் வருசம் தறப்பாள் கொட்டிலில், மூன்று கல் அடுப்பில் இதைச் செய்துதான் எங்களுக்குக் கொப்பி பென்சில் வாங்கித் தந்தவ.

தமிழ்நாட்டுக் கோவில்பட்டிக்காரர் தங்கள் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, வாங்கினார்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய் என்ற தங்கள் சொந்தப் பெயரிலேயே வாங்கினார்கள். மிட்டாய் என்பதும் இந்திப் பக்கத்திலிருந்து வந்த சொல்தான். அவர்கள் அதற்காகக் கூச்சப்படவில்லை. சிக்கி என்பது மராட்டியர் பக்கத்துப் பெயர், அவர்களுக்கு அது அழகு. எங்களுக்கு என்னத்துக்கு? கோயில் வாசல் சாமான் என்றால் ஆம், கோயில் வாசல் சாமான்தான். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்க் கச்சான் கடையில் நிற்காமல் வந்த ஆள் வன்னியில் யார் இருக்கிறார்?

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அடுத்த முறை அச்சடிக்கேக்க பாப்பம் அக்கா" என்றார்.

பெரியம்மா இந்த வைகாசிப் பொங்கலுக்கு ஐம்பது பக்கற் கட்டப் போகிறா. பெயர்த் துண்டு நான்தான் எழுதுகிறேன், கொட்டை எழுத்தில், கச்சான் அல்வா என்று.