பேஸ்மேக்கர் வைத்தபின் அசதி என்றாலே பேட்டரி தீர்கிறது என்று அர்த்தமில்லை

மேலே ஒருவர், "பேஸ்மேக்கர் வைத்த சில மாதத்தில் அசதி வந்தால் பேட்டரி இறங்குகிறது என்று அர்த்தம், அந்தப் பக்கத்துக் கையை இனி ஆயுசுக்கும் தூக்கவே கூடாது" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டும் தவறு. இதயத்துடிப்பு குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் இந்தக் கருவியின் பேட்டரி பொதுவாகப் பல வருடம் தாங்கும், எவ்வளவு மிச்சம் என்பதும் ஒவ்வொரு பரிசோதனையிலும் தெரிந்துவிடும்.

அசதி என்றால் கருவியின் அமைப்பையும் (செட்டிங்) பார்க்கச் சொல்லுங்கள். நிறையப் பேருக்குக் குறைந்தபட்சத் துடிப்பை நிமிடத்துக்கு 60 என்று வைத்திருப்பார்கள். உடம்பின் அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டும் வசதி அணைந்திருந்தாலோ மந்தமாக இருந்தாலோ, சொந்தத் துடிப்பு தானாக ஏறாதவருக்கு மாடிப்படி ஏறும்போதும் அதே 60தான், மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? சைக்கிள் மிதித்தால் இன்னும் வேடிக்கை. கால் சுழல்கிறது, நெஞ்சு அவ்வளவாக அசைவதில்லை, கருவியோ நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். இதைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை வேண்டாம், வெளியிலிருந்தே கணினி வழியாக அமைப்பை மாற்றிவிடலாம். அதனால் மருத்துவரிடம் "அசதி" என்று மொட்டையாகச் சொல்லாமல், என்ன செய்யும்போது வருகிறது என்று சொல்லுங்கள். பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும்) மாத்திரை, ரத்தசோகை, தைராய்டு இவையும் காரணமாக இருக்கலாம் (மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்).

கை விஷயம்: கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் நகராமல் இருக்க முதல் 4 முதல் 6 வாரம் வரை தோளுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பார்கள். அப்புறம் மருத்துவர் சரி என்றதும் தூக்கிப் பழகத்தான் வேண்டும், பயந்து மடக்கியே வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். மயக்கம், தையல் இடத்தில் சிவப்பு அல்லது சீழ் என்றால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.