பேஸ்மேக்கருக்குத் தண்ணீரால் ஆபத்தில்லை, சூட்டைத்தான் கவனிக்கணும்

"பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் கருவி) வைத்தவர் ஹாட் டப்பில் (வெந்நீர்த் தொட்டியில்) இறங்கினால் தண்ணீர் புகுந்து கருவி நின்றுவிடும்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. கருவி டைட்டானியம் கூட்டுக்குள் முழுதாக மூடப்பட்டு, தோலுக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் அதைத் தொடுவதே இல்லை.

சூடுதான் பிரச்சினை. வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். சாதாரண இதயம் துடிப்பைக் கூட்டி ஈடுகட்டிவிடும். பேஸ்மேக்கரையே நம்பியிருக்கும் இதயத்தில் அது நடக்காமல் போகலாம். பல கருவிகளின் சென்சார் உடல் அசைவை மட்டும்தான் பார்க்கிறது. அசையாமல் தொட்டியில் உட்கார்ந்திருப்பவர் ஓய்வில் இருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டு துடிப்பைக் கூட்டாது. அதனால்தான் சட்டென்று எழும்போது கண் இருட்டுகிறது. பிரஷர் மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் இன்னும் மோசம்.

மருத்துவர் சரி என்றால், 38 டிகிரி செல்சியஸ் போதும், 40-ஐத் தாண்டவே வேண்டாம். 10 நிமிடம், மார்பு நீருக்கு மேலே இருக்கட்டும். எழும்போது கைப்பிடியைப் பிடித்து, விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள்.

எர்த்தும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத தொட்டி வேண்டாம். ஐ.சி.டி. (ஆபத்தான இதயத் துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும், உடலுக்குள் வைக்கும் கருவி) வைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: நீரில் கசியும் மின்சாரத்தை அது தாறுமாறான இதயத் துடிப்பு என்று எண்ணி ஷாக் கொடுத்துவிடலாம். புதிதாகக் கருவி வைத்தவர்கள் தையல் காயம் முழுதாக ஆறும்வரை எந்தத் தொட்டியிலும் இறங்கக் கூடாது.